இன்னும் ஒரே ஒரு தோசை

எத்தனை பட்டினி கிடந்தும் தணிகைவேலின் எடை எண்பத்தாறு கிலோவிலேயே நின்றது. கடைசியில், காதில் விழுவதையெல்லாம் அலசும் அவன் ஏஐ காதுக்கருவிதான் காரணத்தைக் கண்டுபிடித்தது: "இன்னும் ஒரே ஒரு தோசைங்க" என்று கெஞ்சும் மனைவி சுகந்தியின் குரல். அன்றிலிருந்து அவன் தட்டின் முன் உட்கார்ந்தாலே கருவி அவள் குரலை முழுவதுமாக அடைத்துவிடும். எடை மளமளவென்று இறங்கியது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாளே என்று மனைவியிடம் மட்டும் அவன் சொல்லவில்லை.

சாப்பிடும்போது மனுஷன் பேசாமலானதை சுகந்தி பட்டினிக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டாள். இன்று தன் மார்புக் கட்டியின் சோதனை முடிவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், தோசைக்கரண்டியோடு அவன் எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க, அந்தக் கட்டி கேன்சராம்."

குனிந்த தலை நிமிராமல் அவன் தட்டின்மேல் கையை விரித்தான்.

"போதும்டி, விடு."

சுகந்தி அடுப்பை அணைத்தாள்.