கள்ளக் கதவும் ஓசி டூலும்

அருள்பாண்டி கீபோர்டைத் தட்டிய வேகத்தில் பக்கத்திலிருந்த டீ கப் தளும்பியது. ஷிஃப்ட் முடியப் போகிறது. கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் அவன் கட்டிய சாஃப்ட்வேர் இமேஜ் உற்பத்தி லைனில் ஏறியாக வேண்டும். திரையிலோ இன்னும் சிவப்பு!

"ஏலே, முடிஞ்சுதா இல்லையா?" காதிலிருந்த இயர்போனில் உச்சிமாகாளி கத்தினான். சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் அறையில், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தவம் கிடந்தான்.

"பொறுல. இன்னும் கொஞ்சம் செவப்பு கெடக்கு."

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. அடுத்த வருடம் வரப்போகிற புது பிரேக்கின் டிராயிங்குகள் அதன் சர்வரில் பத்திரமாக இருந்தன. அவற்றை வெளியே கடத்திவிட்டால் நண்பர்கள் இருவரும் அப்புறம் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். போட்டிக் கம்பெனி அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தது.

அதற்காகவே போலியாக ஒரு போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் தயாரித்து, கான்ட்ராக்ட் இன்ஜினியராக உள்ளே நுழைந்திருந்தான் அருள்பாண்டி. அந்தச் சான்றிதழை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கவில்லை.

லைனில் ஓடும் சாஃப்ட்வேரை, அதற்கு வேண்டிய சகல சாமான்களோடும் டிபன் கேரியர் மாதிரி அடுக்கி ஒரே கட்டாக அனுப்புவார்கள். கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். அந்தக் கேரியரின் அடித்தட்டில்தான் அவன் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்திருந்தான். கேரியர் லைனில் ஏறினால் போதும். லாட்ஜில் இருந்தபடியே உச்சிமாகாளி உள்ளே வந்துவிடலாம்.

குறுக்கே நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது ட்ரிவி. சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறதா என்று துழாவும், இணையத்தில் ஓசியில் கிடைக்கும் ஸ்கேனர். ஐ.டி. மேனேஜர் கலைமதி அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் கேரியர் உள்ளே போகாது.

வேடிக்கை என்னவென்றால், அவனுடைய கதவை ட்ரிவி கண்டுகொள்ளவே இல்லை. அது அவனே கைப்பட எழுதியது, உலகம் அறியாதது. ட்ரிவி பிடித்ததெல்லாம் கம்பெனி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த ஓட்டைகளை! துருப்பிடித்த பழைய சாஃப்ட்வேர்கள், எவனோ அப்பட்டமாக எழுதி வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு... அவற்றை அடைத்தால்தான் இவன் கதவு உள்ளே போகும். அடைத்தான். வாரக்கணக்கில் அடைத்தான்.

"ஏலே, நீ களவாங்கப் போனியா, வெள்ளையடிக்கப் போனியா?" என்று உச்சிமாகாளி கேட்காத நாளில்லை.

கடைசிச் சிவப்பும் மறைந்தது. பச்சை! அருள்பாண்டி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான்.

சுற்றி முடித்தபோது எதிரில் கலைமதி, கையில் கேன்டீன் போண்டாவோடு.

"இன்னா அருள், ஒரே குஷியா கீற? பச்சை ஆயிடுச்சா?"

"ஆயிட்டு மேடம். அப்ரூவ் பண்ணிருங்க."

"பண்றேன்பா. இன்னொரு டூல் இருக்குது. டாக்கிள்னு பேரு. இதுவும் ஓசிதான். அடுக்கி வச்ச லட்சணத்தைப் பாக்குமாம். ஒரு தபா ஓட்டிடேன்."

ஓட்டினான். மறுபடியும் சிவப்பு.

"அது ஒண்ணும் இல்லப்பா," என்றார் கலைமதி போண்டாவை மென்றபடி. "உன் கேரியர் உள்ள போய் மொதலாளி அதிகாரத்துல ஓடுதாம். இன்னாத்துக்கு? சாதாரண ஆளா மாத்திவுடு. ஆனா உன்ன மாதிரி ஒருத்தனை நான் பாத்ததே இல்ல, அருள். நம்ம பசங்க மணியடிச்சா பஸ்ல ஏறிடுவானுங்க. நீ ஓ.டி. கூட கேக்காம ஒக்காந்துகினு கீற."

"கடமை மேடம்," என்றான் அருள்பாண்டி அடக்கமாக. விரல்கள் பறந்தன. ஒரு வரி மாற்றம். பச்சை!

கலைமதி குனிந்து அப்ரூவலைத் தட்டினார். இமேஜ் லைனில் ஏறியது. "சூப்பர்பா," என்று சொல்லிவிட்டு செல்போனும் கையுமாக வராந்தாவுக்குப் போனார்.

"ஏலே உச்சி, ஏறிட்டு! தொற, தொற!"

"கதவு தொறந்துட்டுல!" லாட்ஜில் உச்சிமாகாளி கட்டிலில் குதிக்கும் சத்தம் இங்கே கேட்டது. "உள்ள வந்துட்டேன். டிராயிங்கு இருக்க ஃபோல்டர் கண்ணு முன்னாலயே கெடக்கு. இந்தா எடுக்கேன்... ஏய், தொறக்க மாட்டக்கு."

"என்னல சொல்லுத?"

"ஒனக்கு அனுமதி இல்லன்னு வருது."

அருள்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஃபோல்டரை முதலாளி அதிகாரத்தில் வந்தால்தான் திறக்க முடியும். அந்த அதிகாரத்தைச் சற்றுமுன் பிடுங்கி எறிந்தது சாட்சாத் அவனேதான்.

"ஏலே," உச்சிமாகாளியின் குரல் இறங்கியது. "இங்க யாரோ ரூம் கதவத் தட்டுதாவ. பூட்ஸ் சத்தம் கேக்கு..."

லைன் அறுந்தது.

அருள்பாண்டி எழுந்து வாசலுக்குப் பாய்ந்தான். அங்கே இரண்டு செக்யூரிட்டிகளும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் வழிவிடாமல் நின்றிருந்தார்கள். வெளியே ஹாரன் அடித்துவிட்டுக் கம்பெனி பஸ் கிளம்பியது.

வராந்தாவில் கலைமதி, அவனை வேலைக்கு அனுப்பிய லேபர் கான்ட்ராக்டரோடு செல்போனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கோதண்டண்ணா, யூனிட் ஒண்ணு பளபளன்னு ஆயிடுச்சு! லாட்ஜ்ல இருந்த கூட்டாளியையும் போலீஸ் எப்பவோ மோப்பம் புடிச்சு வச்சிருந்துச்சு. ரெண்டாவது யூனிட்ல இதைவிட ஓட்டை ஜாஸ்தி. அதுக்கும் இதே மாதிரி, போலி போலீஸ் சர்டிபிகேட் நீட்றவனா ஒருத்தனைப் பாத்து அனுப்பிடுங்க."