யார் கொடுத்த செல்லம்?

வீட்டு நாய் சிப்பாய் கடித்து அவளுடைய நாத்தனார் கையில் தையல் போடும்படி ஆகிவிட்டது. மறுநாளே அவளும் கணவரும் அவனை நாய்க் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார்கள். வழி முழுக்க அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் நீ கொடுத்த செல்லம்," என்றார் கணவர். "எங்கக்கா வந்தாலே உறுமும். ஒரு நாளாவது அதட்டியிருக்கியா?"

"வாயில்லா ஜீவன்ங்க."

"வாயில்லாததா? எங்கக்கா கையைப் போய்ப் பாரு!"

காப்பகக்காரர் விசாரித்தார். "வீட்டு ஆளுங்களைக் கடிக்குமா?"

"சேச்சே, எங்ககிட்ட பசு சார்," என்றார் கணவர். " விருந்தாளி வந்தா மட்டும்தான் புலி."

"அப்படின்னா யாரோ பழக்கியிருக்கணுமே?"

"யாரு சார் பழக்கப்போறா? பிறவிக் குணம்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடிக்கிற நாயை யாரும் தத்தெடுக்க மாட்டாங்கம்மா," என்றார் காப்பகக்காரர். "இனிமே கடைசிவரைக்கும் கூண்டுதான். பரவாயில்லையா?"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

காப்பகக்காரர் சங்கிலியை வாங்கக் கை நீட்டினார். சிப்பாய் பல்லைக் காட்டி உறுமினான்.

"பார்த்தீங்களா சார் இதோட திமிரை?" என்றார் கணவர்.

உறுமி முடித்த சிப்பாயோ அவள் பக்கம் திரும்பிச் சமர்த்தாக உட்கார்ந்தான். வாலை ஆட்டிக்கொண்டு அவளுடைய வலது கையையே பார்த்தான்.

நாத்தனார் வரும்போதெல்லாம், அவன் உறுமி முடித்ததும், மேசைக்கடியில் பிஸ்கட் நீட்டும் கை அது.