சீம்பால் பங்கு

“ஒரே ஒரு டம்ளர் சீம்பால் கேட்டேனுங்க. இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க அந்தக் கமலாத்தாக்கா!”

கோவிந்தாபுரம் பால் சொசைட்டி வாசலில் அப்பு பொரிந்து தள்ளினான்.

“நேத்துப் பொறந்த கன்னு எத்தனைதான் குடிச்சுரும்? மிச்சத்தை வெச்சு என்ன பண்றாங்களாம்?” என்றாள் பக்கத்து வீட்டு சுஷ்மா.

மாடு கன்று போட்டால் தெருவுக்கே சீம்பால் கொடுப்பது அங்கே வழக்கம். கொடுக்காதவர் பெயர் ஒரே நாளில் நாறிவிடும். கமலாத்தாள் பெயரும் நாறியது.

“என்ற மாடும் இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. குடுக்கறதுன்னா எப்படின்னு காட்டறேன் பாருங்க!”

காட்டினான். மறுநாள் விடிவதற்குள் அவனுடைய செவலை மாடு கன்று போட்டது. முதல் கறவை மொத்தமும் தூக்குப்போசியில் வீடு வீடாகப் போனது. தெருவே வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துத் தின்று, அப்புவைப் புகழ்ந்தது.

கன்றைப் பார்க்க மதியம்தான் அவனுக்கு நேரம் கிடைத்தது. அது போட்ட இடத்திலேயே கிடந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவன் ஓடிப்போய்க் கூட்டிவந்த மாட்டு டாக்டர் யோகப்பிரியா அதன் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். “சில்லுன்னு இருக்கே! சீம்பால் எவ்வளவு குடிச்சுது?”

“எந்திரிச்சதும் அதாவே குடிச்சுக்கும்னு விட்டுட்டேனுங்க…”

“அதுல இருக்கற புரதம்தாங்க கன்னுக்கு முதல் மருந்து. பொறந்த சில மணி நேரத்துல உள்ளே போகணும். இல்லைன்னா நோய் தாங்காது, பொழைச்சாலும் வளராது. உடனே கொண்டு வாங்க.”

காலையில் ஒட்டக் கறந்திருந்த மடியில் அரை டம்ளர்கூடத் தேறவில்லை.

சுஷ்மா வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த சீம்பால் துண்டைத் தட்டோடு கொண்டுவந்தாள். “இதைக் கரைச்சு ஊத்தலாங்களா?”

“வேக வெச்சதுக்கப்புறம் கன்னுக்கு அதனால பிரயோஜனமில்லைங்க.”

அப்பு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் கமலாத்தாள் வந்தாள். கையில் ஒரு போசி.

“என்ற மாட்டுச் சீம்பாலுங்க டாக்டரம்மா. ஃபிரிட்ஜுல இருந்தது. சுடுதண்ணிக்குள்ள வெச்சு வெதுவெதுன்னு எடுத்தாந்தேன். அடுப்புல காட்டலை.”

டாக்டர் பாட்டிலில் ஊற்றிக் கன்றின் வாயில் வைத்தார். முதலில் எல்லாம் வழிந்தது. பிறகு ஒரு வாய் சப்பியது. அதற்கப்புறம் பாட்டிலை விடவே இல்லை!

சாயங்காலம் கன்று நாலு காலும் நடுங்க எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து போய்த் தாய் மடியை முட்டியதே ஒரு முட்டு! தெருவே கைதட்டியது. அப்பு துண்டைச் சுழற்றி ஆடினான்.

ஆடி முடித்தவன் கமலாத்தாள் முன்னால் வந்து நின்றான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

“என்ற கன்னுக்குன்னுதானா எடுத்து வெச்சிருந்தீங்க? ஏனுங்கக்கா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொல்லியிருந்தா, அதையும் வாங்கி ஊருக்குப் பங்கு போட்டிருப்பியே கண்ணு!”