மூவாயிரத்தில் ஒன்று

நாற்பது ஜிபி இருந்த கோப்பு பதிமூன்று எம்பி ஆகிவிட்டது.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

புயல் என்பதால் ஆபீசில் பாதிப் பேர் வரவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் நிரம்பி வழியும் சர்வரைக் காலி பண்ணலாம் என்று உட்கார்ந்தவன். ப்ரோக்ராமும் அவனே எழுதியது.

கம்ப்யூட்டருக்குள் கட்டடத்தை நிறுத்தி, அதன் மேல் முப்பது நொடி புயலை விட்டுப் பார்த்த பழைய சோதனைகள். ஒவ்வொன்றிலும் மூவாயிரம் படங்கள். முந்தைய படத்தைப் போலவே இருக்கும் படத்தை ப்ரோக்ராம் தூக்கி எறியும். ஏதாவது அசைந்திருந்தால் வைத்துக்கொள்ளும்.

முதல் கட்டடத்தில் அறுநூறு படம் மிஞ்சியது. அடுத்ததில் எண்ணூறு.

இதில் ஒன்று.

பக்கத்து சீட் நவாஸ் எட்டிப் பார்த்தான்.

"டேய், மூவாயிரத்துல ஒண்ணா! பேட்டன்ட் வாங்கிரு மச்சி. அதுக்கு முன்னாடி பிரியாணி வாங்கிக் குடு."

அவனும் சிரித்தான்.

பாதியில் நின்றது சிரிப்பு.

புயலில் நின்ற கட்டடம் மூவாயிரம் படத்திலும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?

ப்ரோக்ராமில்தான் தப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுருக்காத கோப்பைத் திறந்தான். கூரையின் ஒரு மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தான். முதல் படத்தில் 2.14 மில்லிமீட்டர்.

ஆயிரமாவதில் 2.14.

கடைசியில் 2.14.

செட்டிங்ஸுக்குப் போனான். காற்று: மணிக்கு 220 கிலோமீட்டர். சரியாகத்தான் இருந்தது. பக்கத்துச் சின்னக் கட்டத்தில் டிக் இல்லை.

காற்று அடிக்கவே இல்லை.

தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு சும்மா நின்ற கூரை. அதற்கும் சிவப்பு, மஞ்சள் எல்லாம் போட்டுக் காட்டியிருந்தது சாஃப்ட்வேர். அந்தப் படத்தை ரிப்போர்ட்டில் ஒட்டியது அவன். கீழே 'பாதுகாப்பானது' என்று டைப் செய்ததும் அவன்.

கட்டி முடித்துப் போன வருடம் திறந்தும் விட்டார்கள். கடலோரக் கிராமம். கீழே காங்கிரீட் அறைகள், மாடியில் இரும்புக் கூரை போட்ட பெரிய ஹால்.

புயல் பாதுகாப்பு மையம்.

காற்றை டிக் செய்து மறுபடி ஓட்டினால் பதினோரு மணி நேரம் ஆகும். புயல் மூன்று மணிக்குக் கரையைக் கடக்கும். இப்போது பன்னிரண்டு.

போனைத் தேடினான். கையில்தான் இருந்தது.

திறப்பு விழாவில் வாங்கிய நம்பர். அந்த ஊர் வி.ஏ.ஓ. ஜெசிந்தா. மூன்றாவது தடவை எடுத்தார்.

"சொல்லுங்க சார்! எல்லாரையும் மாடி ஹால்ல ஏத்தியாச்சு. எண்ணூத்திச் சொச்சம் பேரு. படகுங்கள விட்டு வரமாட்டோம்னு ஒரே சண்ட. இது இஞ்சினீயருங்க கம்ப்யூட்டர்லயே புயல் அடிக்க வச்சுப் பாத்துக் கட்டுனதுய்யான்னு சொன்னேன். அப்புறந்தான் வந்தாங்க."



"எல்லாரையும் கீழ எறக்குங்க மேடம்."

"என்ன சார்?"

"கீழ் ரூமுங்களுக்கு. ஹால்ல ஒருத்தர்கூட இருக்கக் கூடாது."

"நிக்கக்கூட எடம் பத்தாதே சார்."

"நெருக்கிக்கிட்டு நிக்கட்டும். ப்ளீஸ் மேடம். இப்பவே."

நவாஸ் எழுந்து வந்துவிட்டான். வேண்டாம் என்று கையாட்டினான். "மொதல்ல எம்.டி. கிட்ட கேளுடா, வேல போயிரும்" என்று கிசுகிசுத்தான்.

போனில் குழந்தைகளின் கூச்சல். தகரத்தின் மேல் மழை.

"எறக்கிருவேன் சார். தாசில்தார் கேப்பாரு. யாரு சொன்னா, ஏன் சொன்னாங்கன்னு எழுதிக் குடுக்கணும்."

ஏன் என்பதைச் சொன்னான்.

தன் பெயரைச் சொன்னான்.

அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, இனிஷியலையும் சொன்னான்.