டில்லிபாபு நின்ற இடம்

வியாசர்பாடி இறுதிப் போட்டியில் கடைசி நிமிடம் விழுந்த கோல் ஆஃப்சைடா என்று பார்க்க, நடுவர் எட்டியப்பன் ரீப்ளே திரையைத் திறந்தார். கோல் செல்லும் என்றது மெஷின். கோல் கம்பத்தருகே ஒரு தடுப்பாட்டக்காரன் பின்தங்கி நிற்கிறானாம், அதனால் ஆஃப்சைடு இல்லையாம். நின்றவன் டில்லிபாபு. போன மழைக்காலத்தில் செத்துப்போனவன். கொஞ்சம் இளைத்திருந்தான், மற்றபடி நன்றாகவே இருந்தான்.

கோப்பை கைநழுவுகிற பதற்றத்தில் அவனுடைய பழைய கேப்டன் கஜா ஓடி வந்தான். "இன்னா சார், நாங்களேதான் தூக்கினு போய் பொதைச்சோம். அவன் எப்டி ஆட்டத்துல இருப்பான்?"

"மெஷின் சொன்னது தப்புன்னு எழுதினா இன்னிக்கே அதோட நினைவைத் துடைச்சிடுவாங்க, இவனும் அதோட போயிடுவான்" என்றார் எட்டியப்பன்.

டில்லிபாபுவின் மனைவி அஞ்சலை வேலியைத் தாண்டி வந்து திரையைப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரருதான் சார். எல்லாரும் முன்னால ஏறிப் போனாலும் இவரு அங்கியேதான் நிப்பாரு. தொடைச்சிடாதீங்க சார்."

கஜா திரையில் நின்றவனைக் குனிந்து பார்த்தான். பிறகு, "கோல்தான் சார், குடுத்துடு" என்றான்.

எட்டியப்பன் விசில் ஊதினார். கஜா ஆளில்லாத கம்பத்தைப் பார்த்துத் திட்டினான். "ஏறி வாடான்னு எத்தினி வாட்டிடா சொல்றது?"

திரையில் டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.