கல்லுக்கு முளைத்த தாடி

சலூன்காரரின் மீன் தொட்டியில், செடிகளிலும் நடுவிலிருந்த கல்லிலும் கருகருவென்று பாசி மண்டிவிட்டது. "ஊருக்கே ஷேவ் பண்றவர் கடையில கல்லுக்குத் தாடியா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "நாலு நாள் வெளிச்சமே படாம மூடி வைங்கண்ணே. பாசி தானா செத்துடும்."

வாடிக்கையாளர் கழுத்தில் கட்டும் கறுப்புத் துணியால் சலூன்காரர் தொட்டியைப் போர்த்தினார். கடையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு மகள் வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் வந்து துணியை அவிழ்த்தவர், பழக்கதோஷத்தில் அதை உதறினார். வெட்டிய பாசி பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. இலைகள் பளிச்சென்று இருந்தன. கல்லின் தாடியை யாரோ மழித்து, இருபுறமும் கிருதா ஒதுக்கியிருந்தார்கள். இடது கிருதா மட்டும் அரை விரல் ஏறியிருந்தது.

மனைவி குனிந்து பார்த்துச் சிரித்தாள். "உங்க கைவேலைதாங்க. இருபது வருஷமா உங்களுக்கு இடது பக்கம் ஏறித்தானே போகுது?"

"நான் உன்கூடத்தானே இருந்தேன்?"

"ஆமா," என்றவள் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினாள்.

மீன்கள் குஷியாகச் சுற்றின. அவருக்கும் அது போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் பாசி மறுபடி வந்தது. துணியைக் கட்டிவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் பாத்து வெட்டுப்பா," என்று தொட்டியிடம் சொல்லிக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது கல்லின் இரண்டு கிருதாவும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. அன்றைய முதல் வாடிக்கையாளருக்கும் அப்படியே அமைந்தது.

"அசத்திட்டீங்க," என்றார் வாடிக்கையாளர். "ஆனா கை ஏண்ணே இப்படித் தண்ணில ஊறிக் கெடக்கு?"