பருந்து பார்க்க வந்தவர்

ஏரிப் பூங்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளிக்கு, தினமும் காலையில் பைனாகுலரோடு நடக்க வரும் அந்தப் பெரியவரைப் பிடித்துப்போனது. அவருடைய ரசனைதான் பிடிபடவில்லை.

"சார், நாரை குஞ்சு பொரிச்சிருக்கு. வாங்க, காட்டறேன்."

"இருக்கட்டும்ப்பா. பருந்து எங்கேயாவது வட்டம் போடுதா?"

"மீன்கொத்தி, மான், நீர்நாய்னு இவ்வளவு இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் பருந்துதான்!" என்று காவலாளி சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடியே ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வாசலில் நுழையும்போதே காவலாளி ஓடிவந்தான்.

"சார், இன்னிக்கு நரி முகத்துலதான் முழிச்சிருக்கீங்க! அந்தக் கரையில நாணலுக்கு மேல ஏழெட்டுப் பருந்து வட்டம் போடுது!"

பெரியவர் அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வாப்பா. என்னால முடியாது."

"என்ன சார், தினமும் இதுக்குத்தானே வர்றீங்க?"

"என் பொண்ணுப்பா. போன மாசம் புருஷனோட சண்டை போட்டுட்டு, ஏரிப்பக்கம் நடந்துட்டு வரேன்னு இங்கே வந்தா. வீடு திரும்பல. போலீஸும் தேடிப் பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க. நீலச் சட்டை போட்டிருந்தா."

காவலாளி நாணலை விலக்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மான் சார்! செத்துக் கிடக்கறது மான்தான் சார்!"

பெரியவர் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கும் கொஞ்சம் மேலே பாத்துச் சொல்லுப்பா" என்றார்.